'மருத்துவர்' என்ற சொல்லும் இரண்டு பதிவேடுகளும்

காரைக்காலில் எங்கள் தெருவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்த கிழவியை மருத்துவச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாவிதர் வீட்டுப் பெண். அந்த வீட்டு ஆண்கள் முடி வெட்டினார்கள், கட்டி கீறினார்கள். அந்தச் சாதிக்கே 'மருத்துவர்' என்று பேர் உண்டு. இன்று பெயர்ப்பலகையில் அதே சொல் எம்.பி.பி.எஸ். படித்தவரைக் குறிக்கிறது. சொல் எப்படிக் கை மாறிற்று? மருத்துவத் தொழில் பற்றிய ஆவணங்களையும் நூல்களையும் நான் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன்.

1909இல் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. தர்ஸ்டனே மருத்துவம் படித்தவர். நாவிதர் பற்றிய பதிவில் அவர்களுடைய வைத்தியத்தையும், பெண்கள் பிரசவம் பார்ப்பதையும் எழுதுகிறார். ஐந்தே வருஷத்தில், 1914இல், சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வருகிறது. மேனாட்டு மருத்துவத் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு, அதை நடத்த ஒரு மன்றம். ஒரே அரசு, இரண்டு பட்டியல்கள். ஒன்றில் அவர்கள் சாதியாக இருக்கிறார்கள். மற்றதில் மருத்துவராக இல்லை.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் சென்னைச் சட்டம் வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிட்டது. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? புதுச்சேரி மருத்துவர் பரமானந்த மரியதாஸ் 1906இல் பிரெஞ்சில் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இந்தியாவின் மருத்துவ வழக்கங்களும் ஐரோப்பிய மருத்துவத்தோடு அவற்றின் உறவும்'. கவனியுங்கள்: அவர்களிடம் இருப்பது மருத்துவம், நம்மிடம் இருப்பது வழக்கம். எழுதியவர் தமிழர், மரபு மருத்துவத்தை மதித்துப் பின்னாளில் தொகுதிகளே எழுதியவர். ஆனாலும் தலைப்பு அவரையும் மீறிப் பேசிவிடுகிறது.

சரி, சுதேசி வைத்தியத்துக்காக வாதாடியவர்கள்? 1921இல் அமைந்த உஸ்மான் குழு 1923இல் அறிக்கை தந்தது. அதன் செயலாளர் சீனிவாசமூர்த்தி இந்திய வைத்தியத்தை விஞ்ஞானம் என்று நிறுவ முனைந்தார். சாஸ்திரமும் சுவடியும் உள்ளவருக்கு அந்த வாதத்தில் இடம் உண்டு. கைப்பழக்கத்தை மட்டுமே வைத்திருந்த மருத்துவச்சிக்கு? சித்த வைத்தியரான அயோத்திதாசர் இன்று நம் நினைவில் நிற்கிறார் என்றால், 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையும் அதற்கு ஒரு காரணம். அச்சு ஏறாதவர்கள் காணாமல் போனார்கள்.

'அப்ப பதிவேடே வேணாங்கிறியா? போலி டாக்டர் கையில சாகச் சொல்றியா?' என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பிரசவ அறையில் தாயும் பிள்ளையும் செத்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் பதிவேடு திறமையை மட்டும் அளக்கும் கருவி என்று நம்பிவிட வேண்டாம். பிரான்சில் மருத்துவர் சங்கத்தை 1940இல் உருவாக்கியது விஷி அரசு. மறுவருஷமே யூத மருத்துவர்களுக்கு 2 சதவீத உச்சவரம்பு வந்தது. 1945இல் மறுபடி அமைக்கப்பட்ட அந்தச் சங்கம் வருத்தம் தெரிவித்தது 1997இல்தான்.

காரைக்காலில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 56ஆம் பிரிவு, தகப்பன் அறிவிக்காதபோது பிறப்பை அறிவிக்க வேண்டியவர் வரிசையில் மருத்துவரோடு பேறுகாலம் பார்ப்பவரையும் சேர்க்கிறது. குடியுரிமைக்காகப் பல வீடுகளில் பழைய பிறப்புப் பதிவின் நகலைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதை எடுத்து யார் பேர் பிறந்தது என்று மட்டும் பார்க்காமல், யார் சொல்லிப் பதிவாயிற்று என்றும் பாருங்கள். மருத்துவர்களின் புத்தகத்தில் இல்லாத மருத்துவச்சி அங்கே இருக்கக்கூடும்.