22 நகக்காரனுக்குச் சப்பாத்து

மனிதன் கண்டுபிடித்த நல்ல சாமான்களை வரிசைப்படுத்தச் சொன்னால், மூக்குக்கண்ணாடிக்கு அடுத்ததாக நாய்ச் சப்பாத்தை எழுதுவேன். எல்லாச் சப்பாத்தையும் அல்ல. கால் நடுப்பகுதிவரை ஏறி நிற்கிற, உள்ளுக்கு மெத்தென்ற துணி வைத்த, மேல்நகம் என்று ஒன்று உண்டு என்பதை மறக்காமல் தைத்த சப்பாத்து. அதை நினைத்தாலே எனக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்துவிடுகிறது.

நாயின் முன்காலை உட்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நிலத்தில் ஊன்றும் நாலு விரல்களுக்கும் மேலே, எங்களுக்குப் பெருவிரல் இருக்கிற பக்கமாக, இன்னொரு விரல் ஒதுங்கி நிற்கும். அதன் நுனியில் வளைந்த நகம். கனடா வைத்தியர்கள் டியூகிளோ என்பார்கள். எங்கள் வீட்டில் அது மேல்நகம். சாதாரண நாய்க்கு முன்கால்களில் மட்டும் ஒவ்வொன்று, ஆக மொத்தம் 18 நகம். எங்கள் வீமனோ கிரேட் பிரனீஸ் சாதி. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட மலைகளில் ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காத்த பரம்பரை. முன்காலில் ஒன்று, பின்காலில் இரண்டிரண்டு மேல்நகம் இருக்கவேண்டும் என்பது அந்தச் சாதிக்கு வகுத்த இலக்கணம். கூட்டிப் பாருங்கள், 22 வரும். நோர்வேயின் லுண்டஹுண்ட் நாய்கள் இவனையும் தோற்கடிக்கும். ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல், கடலோரப் பாறைகளில் ஏறி பஃபின் பறவை பிடித்த கால்கள் அவை.

மேல்நகத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சரிவராது. முன்கால் மேல்நகத்துக்கு எலும்பும் தசைநாரும் உண்டு. வேகமாக ஓடுகிற நாய் சட்டென்று திரும்பும்போது அது நிலத்தில் பட்டுப் பிடிமானம் கொடுக்கும். வீமன் எலும்பைப் பிடித்துக் கடிக்கிற நேர்த்தியை ஒருமுறை பார்த்தவர் அதைத் தேவையில்லாத உறுப்பென்று சொல்லவே மாட்டார். பின்கால் நகங்களின் கதை வேறு. பல நாய்களில் அவை எலும்போடு உறுதியாகப் பொருந்தாமல் தோலில் ஆடிக்கொண்டிருக்கும். பற்றையில் கொழுவினால் கிழிந்துவிடும். உறைந்த பனியின் மேற்தட்டு உடைந்து கால் உள்ளே போனால் அந்த விளிம்பே நகத்தை இழுத்துவிடும்.

நாங்கள் இருப்பது கனடாவின் ஸ்காபரோவில். இங்கே குளிர்காலம் என்றால் பனியைவிட எனக்கு உப்பில்தான் பயம். நடைபாதை முழுவதும் கல்லுப்பு. குளிர் கடுமையாகிச் சாதாரண உப்பு வேலை செய்யாத நாட்களில் கல்சியம் குளோரைட்டைத் தூவுவார்கள். அது ஈரத்தில் கரையும்போது சூடு கக்கும். வெடித்த பாதத்தில் அது பட்டால் நாய் நடுத்தெருவில் மூன்று காலில் நின்று எங்களைப் பார்க்கும். வீடு வந்ததும் நக்கும். உப்பு வயிற்றுக்குள் போகும். போதாததற்கு வீமனுடைய நீண்ட மயிரில் பனி உருண்டு உருண்டு விரலிடுக்கிலும் மேல்நகத்தைச் சுற்றியும் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஏதாவது ஒரு சப்பாத்தை மாட்டிவிட்டால் போதாதா? போதாது! கடைகளில் தொங்குகிற முக்கால்வாசிச் சப்பாத்துகள் நாய்க்கு நாலு விரல்தான் என்ற நினைப்பில் வெட்டப்பட்டவை. இறுக்குகிற வெல்குறோ பட்டி நேரே மேல்நகத்தின்மேல் போய் உட்காரும். கொஞ்ச நேர நடையிலேயே தோல் சிவக்கும், பிறகு உரியும். இது அலாஸ்காவின் சறுக்குவண்டி நாய்களுக்கும் உள்ள தொல்லை. 1973இல் தொடங்கிய இடிட்டரோட் ஓட்டத்தில், அங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் ஓடுகிற நாய் ஒவ்வொன்றுக்கும் எட்டுக் காலுறை இருக்கவேண்டும் என்று விதியே உண்டு. அவை அடித்தோல் இல்லாத வெறும் துணிப்பைகள், மேலே ஒரு பட்டி. பட்டி உரசும் என்பதற்காகக் குட்டியிலேயே மேல்நகத்தை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலுக்கு ஏற்ற சப்பாத்தா, சப்பாத்துக்கு ஏற்ற காலா என்று எனக்கு ஒரு கோபம்.

இனி வீமனுடைய சப்பாத்துக்கு வருகிறேன். ஆகா! வளைந்து கொடுக்கும் மெல்லிய றப்பர் அடி. நீர் ஊறாத நைலோன் மேற்பகுதி. உள்ளே கம்பளித் துணி. பட்டிகள் இரண்டு: ஒன்று மேல்நகத்துக்குக் கீழே, மற்றது மேலே. நடுவிலே நகம் தன் பாட்டில் இருக்க ஒரு தளர்ந்த இடம். அதற்கும் மேலே இழுபடுகிற கழுத்து, பனி உள்ளே போகாமல் காலைக் கவ்விக்கொள்ளும். யார் வடிவமைத்தாரோ, அவர் நாயின் காலை மடியில் வைத்துப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். நான் இன்னும் ஒன்று செய்கிறேன்: சப்பாத்துக்குள்ளே தையல் தடிப்பில்லாத மெல்லிய மேசு. அதைப் போட்டபின் சிவப்பு என்ற பேச்சே இல்லை.

அளவு எடுப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கடதாசியில் பாதத்தை வைத்து, பக்கத்துக் காலைத் தூக்குங்கள். பாரம் இறங்கியதும் விரல்கள் விரியும். அந்த அகலத்தைக் குறியுங்கள். முன்பாதம் பின்பாதத்தைவிட அகலம் என்பதால் இரண்டையும் அளக்கவேண்டும். பிறகு நிலத்திலிருந்து மேல்நகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். இதைக் கேட்காத கடைக்காரரிடம் வாங்கவேண்டாம்.

முதல்நாள் வீமன் சேற்றுக்குள் இறங்கிய கோழிமாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நடந்தான். மாமி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா.

"உதென்ன தம்பி, நாய்க்கும் சப்பாத்தோ? எங்கட காலத்திலை நாங்களே வெறுங்காலோடைதானே பள்ளிக்கூடம் போனனாங்கள்!"

"அங்கை உப்பு கறியிலை இருந்தது மாமி. இங்கை றோட்டிலை கிடக்கு."

வாசலைத் தாண்டிப் பனியைக் கண்டதும் அவனுக்குச் சப்பாத்து மறந்துபோனது. சைபருக்குக் கீழே 20 பாகைக் குளிரில் அந்த வெள்ளை மலை துள்ளிக்கொண்டு ஓடியதைப் பார்த்து நான் தெருவில் நின்று கைதட்டினேன். இப்போது சப்பாத்துப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் அவனே வந்து காலை நீட்டுகிறான். மாட்டிவிடுவது மாமி. "முதல் வலக்காலைத் தா ராசா" என்பா.

ஒன்றிரண்டு விஷயம் வாங்குகிறவர்களுக்கு. நாய் பாதத்தால் வியர்க்கும், ஆகவே வீட்டுக்குள் வந்ததும் கழற்றி ஈரம் துடைத்துவிடுங்கள். சாதாரண நடையில் மேல்நகம் நிலத்தில் தேயாது; வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள்ளே இறங்கும், சப்பாத்துக்குள் அது இன்னும் மோசம். நாலு வாங்குகிற இடத்தில் ஐந்தாக வாங்குங்கள். ஆழப் பனியில் ஒன்று கட்டாயம் தொலையும், பனி உருகும்வரை கிடைக்காது.