யாருடைய மகள்?

சந்தவாசலில் தோழி வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து ‘மகாராஜா’ படம் பார்த்தோம். நித்திலன் சாமிநாதன் இயக்கி 2024இல் வெளிவந்தது. விஜய் சேதுபதியின் 50ஆவது படம். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “அந்தப் பொண்ணு வேற யாரோட மகளாவோ இருந்திருந்தா அவன் அழுதிருப்பானாக்கா?”

அந்தக் கேள்வியோடுதான் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

சலூன் கடைக்காரர் மகாராஜா, லட்சுமியைக் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுக்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. ஆனால் அவர் உண்மையில் தேடுவது, மகள் ஜோதியை வல்லுறவு செய்தவர்களை. இதை வெகுநேரம் மறைத்து வைத்துத்தான் திரைக்கதை நகர்கிறது. குப்பைத்தொட்டியை வைத்து நம்மைச் சிரிக்கவைத்த பிறகு, ஒரு பெண் பட்ட வதையை விடுகதைக்கு விடையாக எடுத்து நீட்டுகிறது.

படத்தின் நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ் சினிமாவில் ‘கெடுக்கப்பட்டவள்’ செத்துப்போவாள். இல்லையென்றால் கெடுத்தவனுக்கே கட்டிவைக்கப்படுவாள். ஜோதி சாகவில்லை, தலைகுனியவும் இல்லை. குற்றவாளிக்கு எதிரே வந்து நின்று தானே பேசுகிறாள். எங்கள் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. அந்தக் கொடுமைக்குக் காரணமான செல்வம்தான் (அனுராக் காஷ்யப்) ஜோதியைப் பெற்ற தகப்பன் என்று தெரியவருகிறது. அவன் கதறுகிறான், மாடியிலிருந்து விழுந்து சாகிறான். ஜோதியின் பேச்சு பின்னுக்குப் போய், தகப்பனின் கதறல் மனதில் தங்கிவிடுகிறது. ஊரான் மகள் என்று நினைத்தவரை உறுத்தாத ஒன்று, தன் மகள் என்றதும் அவனைக் கொல்கிறது. பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை, அவள் எந்த ஆணுக்குச் சொந்தம் என்பதை வைத்து அளக்கும் பழைய தராசுதான் இது.

இன்னொன்று, போலீஸ். முதலில் லஞ்சம் கேட்கும் ஸ்டேஷன், கடைசியில் குற்றவாளியை ரகசியமாகத் தகப்பன் கையில் ஒப்படைக்கிறது. நாமும் கை தட்டுகிறோம். எங்கள் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியிலும் வாழ்கிறார்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றவாளிகளே அரசு ஊழியர்கள் என்றால், யாரை யாரிடம் ஒப்படைப்பது?

அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் தாங்களே சாட்சி சொன்னார்கள். 2011இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மொத்தம் 31 ஆண்டுகள். இரண்டரை மணி நேரப் பழிவாங்கல் நமக்கு ஏன் இனிக்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும். ஆனால் வாச்சாத்திப் பெண்கள் பெற்றது, யாருடைய மகள்கள் என்பதற்காகக் கிடைத்த நீதி அல்ல.

‘மகாராஜா’வைப் பெண் பிள்ளைகளோடும் ஆண் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, அந்த மாணவி கேட்ட கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்.