வீட்டுக் காணிக்கு எந்த இயந்திரம்?

ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது கைபேசியில் ஒரு படம் காட்டுவார். செம்மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு டிராக்டர். முன்னால் மண் அள்ளும் லோடர், பின்னால் மடங்கி நிற்கும் தோண்டு கை. குபோட்டாவின் பிஎக்ஸ் வரிசை அது. இருபது சொச்சம் குதிரைத்திறன், ஆறடி ஆழம் தோண்டும், புல் வெட்டும், பனியும் தள்ளும். "ஊரில காணி சும்மாதானே கிடக்கு, இப்பிடி ஒண்டு எடுத்து விட்டால் என்ன?" என்பார். பொள்ளாச்சிப் பக்கம் பண்ணை வீடு கட்டும் சென்னைக்காரரும் இதையேதான் கேட்கிறார். கேள்வி ஒன்று, பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அதற்குக் கிடைக்கும் பதில்கள் வேறு. அந்த வேறுபாட்டுக்குக் குதிரைத்திறன் காரணமல்ல. சுங்கவரி, மானியம், பக்கத்து ஊர்ப் பட்டறை, இந்த மூன்றும்தான்.

வட இலங்கையில் வீட்டு இயந்திரம் என்றால் இன்றும் லாண்ட்மாஸ்டர்தான். இரண்டு சக்கரம், நீண்ட இரு கைபிடி, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், பின்னால் ஒரு பெட்டி. இப்போது ஓடுபவை பெரும்பாலும் ஜப்பான் குபோட்டாவோ சீனத் தயாரிப்போதான். பெயர் மட்டும் நொட்டிங்ஹாம் அருகே இருந்த பழைய பிரித்தானியக் கம்பெனியுடையது. 1950களில் அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 2010இல் மறைந்த அந்த மனிதர், தான் உருவாக்கிய இயந்திரத்தையே பிற்காலத்தில் கேள்வி கேட்டவர். 1960களில் ஹார்வர்டில், "நீங்கள் இயந்திரமாக்கியது வேளாண்மையையா, எருமையையா?" என்ற பொருளில் ஒருவர் மடக்கியதாகவும், எருமையைத்தான் என்று தனக்கு அப்போது உறைத்ததாகவும் அவரே சொல்லி வந்தார். பிறகு நைஜீரியாவில் உழாமல் பயிர் செய்யும் முறைகளை ஆராயப் போய்விட்டார்.

அவர் தன்னைத்தானே கொஞ்சம் அதிகமாகக் கடிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றும். எருமையும் மாடும் செய்த வேலையில் பாதிதான் உழவு. மறுபாதி வண்டி இழுப்பது. வடக்கில் குடும்பங்கள் லாண்ட்மாஸ்டரை விடாமல் வைத்திருப்பது அந்த மறுபாதிக்காக. எரு, கல், மணல், சந்தைக்குப் போகும் வெங்காயம், கலியாண வீட்டுக் கதிரைகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போகும். 2009இல் வன்னிச் சனம் முதியவர்களையும் சட்டிபானைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்ததும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லாண்ட்மாஸ்டர் பெட்டிகளிலும்தான். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலைந்து பரப்பு வளவுக்கும் எட்டுப் பரப்புத் தோட்டத்துக்கும் நாலு சக்கரம் தேவைப்படுவதில்லை. குறுகிய ஒழுங்கைக்குள் திரும்புவதும் இதற்கு எளிது. சாரதி அனுமதிப்பத்திரத்திலேயே கை டிராக்டருக்கென்று ஜி1 என்று தனி வகை வைத்திருக்கிறது இலங்கை.

புதிதாக ஓட்டுபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வலப்புறம் திரும்ப வலக்கைக் கிளட்சை அழுத்துவது வழக்கம். பாரம் ஏற்றிய பெட்டியோடு இறக்கத்தில் வரும்போது அதையே செய்தால் வண்டி இடப்புறம் ஓடும். எஞ்சின் இழுக்கும் நிலை போய்ப் பின்னாலுள்ள பாரம் தள்ளும் நிலை வருவதால், விடுபட்ட சக்கரம் வேகமாக உருள, எஞ்சினோடு பிணைந்த சக்கரம் பின்தங்கிவிடுகிறது. சமதரையான யாழ்ப்பாணத்தில் இது அவ்வளவு தெரியாது. குளக்கட்டிலிருந்து இறங்கும்போதும் மலையகத்திலும் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த இடம் பவர் டில்லருக்குப் போயிருக்க வேண்டும். சேற்று வயலில் அது நன்றாகவே பிடித்தது. பெங்களூரு விஎஸ்டியும் கேரள அரசின் காம்கோவும் அதை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன. தோட்டக்காரர்களோ மினி டிராக்டருக்குத் தாவிவிட்டார்கள். ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 15 குதிரைத்திறன். விஎஸ்டி 18 சொச்சம். குபோட்டா நியோஸ்டார் 21. மஹிந்திரா ஜீவோ 24. நாலடிக்குள் அடங்கும் அகலம் என்பதால் ஆறடி இடைவெளி விட்ட வாழைக்குள்ளும் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு நுழையலாம்; தென்னந்தோப்பில் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் டிராக்டர் விற்கும் நாடு இந்தியா. எந்தத் தாலுகா தலைநகரிலும் ஒரு ஷோரூமும் நாலு மெக்கானிக்கும் உண்டு. போதாததற்கு மானியம் வேறு: சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு விலையில் 50 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை. 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜிஎஸ்டியும் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது.

இதனால் ஒரு விசித்திரம். இந்தியாவில் மானியப் பட்டியலில் எது இருக்கிறதோ அதுவே தோட்டத்து ஷெட்டில் நிற்கிறது. ஒன்றரை ஏக்கருக்கு டிராக்டர் வாங்கி, ஆண்டில் முக்கால்வாசி நாள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். இலங்கையில் தேர்வு சுங்கத்தின் கையில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. நடுவே 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை எகிறியது. டீசலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டையில் பங்கீடு. இறக்குமதி உதிரிப்பாகம் ஒவ்வொன்றின் விலையும் அந்தக் கணக்கில் ஏறிற்று. முப்பது வருடப் பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டும் பட்டறை ஊருக்கு ஒன்று இருந்ததால்தான் அந்தக் காலத்தை விவசாயிகள் கடந்தார்கள். புதிய மொடலின் பளபளப்பைப் பார்த்து மயங்கும் புலம்பெயர் உறவினருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: பம்ப் சீல் ஒன்று போனால் அது எங்கே கிடைக்கும்?

இனி மண் தோண்டும் வேலை. இரு நாட்டிலும் வீட்டுக்காரர் இதற்கு இயந்திரம் வாங்குவதில்லை, கூப்பிடுகிறார். தமிழ்நாட்டில் பேச்சில் ஜேசிபி, செய்தித்தாளில் பொக்லைன், இலங்கையில் பெக்கோ. ஜேசிபி 1979இலேயே எஸ்கார்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கட்டில் காலூன்றியது. இன்று 76 குதிரைத்திறன், ஏழரை டன் அளவு எடை, பதினைந்தடிக்கு மேல் ஆழம் தோண்டும் அந்த மஞ்சள் வண்டி தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு நிற்கிறது. மணிக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு வரை. "ரெண்டு மணி நேரம் மினிமம் சார், பேட்டா தனி" என்று ஆபரேட்டர் இறங்காமலே சொல்லுவார். வண்டி வந்துபோகும் நேரமும் மீட்டரில் ஏறுமா என்பதை அப்போதே பேசிவிட வேண்டும். மாலையில் பேசினால் சண்டைதான். அரசு வழி ஒன்றும் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையின் டிராக்டர், புல்டோசர், மண் தோண்டும் இயந்திரங்களை உழவன் செயலியின் இ-வாடகைப் பகுதியில் முன்பதிவு செய்யலாம். டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாய் என்பது தனியார் வாடகையில் பாதி. முறை வர நாளாகும். விதைப்புக்கு முந்திய வாரத்தில் அதை நம்பி இருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் பெக்கோ கூப்பிடுவது வேறு அனுபவம். முதல் சிக்கல் வாசல். அதன் பக்கெட்டே ஏழடிக்கு மேல் அகலம்; இருபுறமும் வேலி அடைத்த ஒழுங்கையில் அதைத் திருப்ப வேண்டும். ஓட்டுநர் இறங்கி, படலையைப் பார்த்து, மதிலைப் பார்த்து, "உது உள்ளுக்கு வராது அண்ணை" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார். இரண்டாவது சிக்கல் நிலம். செம்மண் பார்க்க அழகு. பல இடங்களில் இரண்டு மூன்றடிக்குக் கீழே சுண்ணக்கல். பக்கெட்டின் பல் அதில் உரசும் ஓசை பல்லைக் கூசவைக்கும். ஏழரை டன் வண்டியே அங்கு பிரேக்கர் மாட்டாமல் நகராது. ஒரு டன் சிறு டிராக்டரின் தோண்டு கை அந்தக் கல்லில் என்ன செய்துவிடும்? ஆறடி என்று விளம்பரத்தில் இருப்பது மண்ணுக்கான ஆறடி. அதையே வண்டலும் மணலுமான காவிரிக் கரையில் இறக்கினால் பொய் சொல்லாது.

மூன்றாவது, வன்னியிலும் முகமாலைப் பக்கத்திலும் போருக்குப் பின் காணி மீளக் கிடைத்தவர்களுக்கு மட்டுமே உரியது. கண்ணிவெடி அகற்றியதாகச் சான்று பெறாத நிலத்தில் எந்தப் பக்கெட்டும் இறங்கக் கூடாது. சான்று இருந்தாலும் துருப்பிடித்த இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி வந்து பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும். ஹலோ டிரஸ்ட் போன்றவை அங்கே வேலை செய்யும் லோடர்களுக்கு இரும்புக் கவசம் போட்டிருப்பது வேடிக்கைக்கு அல்ல.

இத்தனைக்குப் பிறகும் லோடரும் தோண்டு கையும் வேண்டும் என்பவருக்கு இரண்டு வழி. இந்தியாவில், ஓடுகிற டிராக்டரில் உள்ளூர்ப் பட்டறையில் பொருத்தித் தருகிறார்கள். விலை குறைவு, பார்க்க வேண்டியவை அதிகம். இருசக்கர இழுவை டிராக்டரின் முன் அச்சு பாரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. லோடர் மாட்டினால் முதலில் போவது அந்த அச்சும் ஸ்டியரிங்கும். நான்கு சக்கர இழுவையே வேண்டும், பின்னால் எதிர் எடையும் வேண்டும். தோண்டு கையை மூன்று புள்ளி இணைப்பில் தொங்கவிடுவது மகா ஆபத்து. தோண்டும் விசை மேல் கம்பியில் பாய்ந்து கையை ஓட்டுநர் முதுகுப் பக்கம் மடக்கிவிடும். கியர்பாக்ஸ் உறையும் விரியும். முன் அச்சு முதல் பின் அச்சு வரை ஓடும் இரும்புச் சட்டத்தில் அது உட்கார வேண்டும். பட்டறைக்காரர் சட்டம் தேவையில்லை என்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள். ஹைட்ராலிக் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பதையும் கேட்க வேண்டும். டிராக்டரோடு வந்த பம்ப் கலப்பை தூக்கத்தான். நிரம்பிய பக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓட்டக் கூடாது என்பதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை.

இலங்கையில் வேறு வழி. ஜப்பானில் ஓடித் தேய்ந்த ஒன்றரை டன், இரண்டு டன் குட்டி எக்ஸ்கவேட்டர்கள் மீள்சீரமைத்து விற்பனைக்கு வருகின்றன. ஒழுங்கைக்குள் நுழையும், வேலிக்கரையில் தோண்டும், கட்டுப்பாடும் எளிது. வீட்டுக் காணியில் வாழைக் குழி, தண்ணீர்க் குழாய்க்கான வாய்க்கால், மலசலகூடக் குழி என்றால் லோடர் டிராக்டரைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. ஒருவர் வாங்குவதைவிட நாலு வளவுக்காரர் சேர்ந்து வாங்குவது புத்தி.

சட்டம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இறுக்குகிறது. பனையைச் சாய்க்க இலங்கையில் பனை அபிவிருத்திச் சபையின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஆட்சியரின் அனுமதி. நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கே ஆட்சியர் அனுமதி தேவை. இலங்கையின் மண்சரிவு மாவட்டங்களில் சரிவை வெட்டிக் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் போக வேண்டும். தோண்டிய மண்ணைப் பெட்டியில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுவந்தால் இலங்கையில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் பத்திரம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் குளத்து வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம். விவசாயத்துக்குப் பதிந்த டிராக்டரில் அடுத்தவர் மண்ணைக் கூலிக்கு ஏற்றும்போது விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரிப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியில் கணக்குத்தான். லோடரும் தோண்டு கையும் சேர்ந்த ஒரு சிறு டிராக்டர் இந்தியாவில் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்றால் ஒரு லட்சம். மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் அந்தப் பணத்துக்கு 83 மணி நேரம் ஜேசிபி வரும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு வீடு கட்டும் ஆண்டைத் தவிர வேறு எந்த ஆண்டிலும் அவ்வளவு தோண்டல் கிடையாது. ஆகவே தமிழ்நாட்டில் மினி டிராக்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால். குறைவென்றால் உழவும் வாடகைக்கே. யாழ்ப்பாணத்தில் ஒரு லாண்ட்மாஸ்டரும் நல்ல பெட்டியும் போதும். எதையும் வாங்கும் முன் ஒரு முழு ஆண்டு வாடகைக்கு அமர்த்தி, எந்த வேலைக்கு எத்தனை மணி ஆயிற்று என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு கடைக்குப் போங்கள்.