மூன்றரை என்ற எண்: அதிவேக ரயில் பாலங்களின் அதிர்வு

பாலத்தின் அதிர்வைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே சிப்பாய்கள் வந்துவிடுகிறார்கள். 1831-ல் மான்செஸ்டர் பக்கத்தில் பிராட்டன் தொங்குபாலத்தில் தாளம் தப்பாமல் நடந்தார்கள், பாலம் விழுந்தது, ஆகவே ஒத்ததிர்வு ஆபத்து. நடந்த கதைதான். ஆனால் அதிவேக ரயிலுக்கு அதையே உவமையாகச் சொன்னால் வாசகர் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே முதல் கவலை பாலம் விழுவது இல்லீங்க, பாலத்தின் மேல் கொட்டியிருக்கிற ஜல்லி.

1981-ல் பாரிஸ்–லியோன் டிஜிவி பாதை திறந்தார்கள். அதில் சில சின்னப் பாலங்களில் ஜல்லி தளர்ந்து, தண்டவாளம் இடம் பிசக ஆரம்பித்தது. காரணம் எளிய கணக்கு. டிஜிவியில் அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே போகியைப் பகிர்கின்றன. போகிகளுக்கு இடையே 18.7 மீட்டர். மணிக்கு 300 கி.மீ. என்றால் வினாடிக்கு 83.3 மீட்டர். வகுத்தால், பாலத்துக்கு வினாடிக்குச் சுமார் நாலரை இடி. அந்தப் பாலத்தின் இயல் அதிர்வெண்ணும் நாலரை ஹெர்ட்ஸாக இருந்துவிட்டால் ஒவ்வொரு போகியும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி.

பெர்லினில் பி.ஏ.எம். ஆய்வு நிறுவனத்தில் ஜல்லியை அதிர்வு மேடையில் ஆட்டிப் பார்த்தார்கள். முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 0.7 பங்கைத் தொட்டதும் கற்களின் பிடிப்பு போய்விட்டது. அதைப் பாதுகாப்புக்காக இரண்டால் வகுத்து 0.35. இதுதான் யூரோகோடில் ஜல்லிப் பாதைக்கான வரம்பு, 3.5 மீ/வி². ஜல்லியில்லாத கான்கிரீட் பாதைக்கு 5. அது 1 ஜி-யின் பாதி.

என் ஆட்சேபம் எண்ணின் மேல் இல்லை, அதைப் பயன்படுத்துகிற விதத்தின் மேல். எங்கள் தொழிலில் கான்ஃபிக் ஃபைலில் இப்படி ஒரு எண் உட்கார்ந்திருக்கும். யார் வைத்தார், எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் அதற்குத் தலைவணங்குவார்கள். கணக்கில் ஒரே ஒரு கணம் 3.6 வந்தாலும் பாலம் தேறாது. எத்தனை நொடி ஆடியது, ஒரு நாளைக்கு எத்தனை ரயில் என்பதற்கு அந்த வரம்பில் இடமில்லை. ஜல்லியோ ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிற சரக்கு.

இதைவிடப் பெரிய சங்கடம் தணிப்பு விகிதம். 20 மீட்டருக்கு மேற்பட்ட முன்தகைவு கான்கிரீட் பாலத்துக்கு 1 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. நாலு வரி நிரல் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு இடியும் 1 அலகு சேர்க்கட்டும், அலைவுக்கு அலைவு தணிப்பு கொஞ்சம் குறைக்கட்டும். 20 இடிகளுக்குப் பிறகு 1 சதவீதத்தில் கிட்டத்தட்ட 12 மடங்கு. 2 சதவீதத்தில் 8 மடங்கு. நிஜப் பாலத்தில் 2 இருந்தால்? தேறவேண்டிய பாலம் காகிதத்தில் தோற்கும், அதற்குத் தலையில் டேம்பர் கட்டச் செலவு வேறு. அளந்து பார்த்தபிறகு பேசலாமே!

டேம்பர் என்றதும் எல்லோருக்கும் ஒத்திசைத்த நிறைத் தணிப்பான் நினைவுக்கு வரும். கோபுரங்களில் தொங்குகிற அந்தப் பெரிய குண்டு படத்துக்கு நல்லா இருக்கும். ஆனால் அது ஒரே அதிர்வெண்ணுக்கு முறுக்கிவைத்த கருவி. ஸ்வீடனில் குளிர்காலத்தில் ஜல்லி உறைந்து இறுகிப்போகும். பாலத்தின் அதிர்வெண் ஏறிவிடும். கோடையில் முறுக்கிய குண்டு ஜனவரியில் சும்மா தொங்கும். எண்ணெயை நசுக்கி ஆற்றலை வெப்பமாக்குகிற பாகுநிலைத் தணிப்பான் இந்தச் சிக்கலுக்குப் பெரிதாக அசைவதில்லை. பழைய சின்னப் பாலங்களுக்கு ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதையே முன்வைப்பது நியாயமாகப் படுகிறது.

எனக்குப் பிடித்த தீர்வுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். இரு முனையிலும் எளிதாகத் தாங்கிய கர்டரின் நீளம், இடிகளின் இடைவெளியைப் போல ஒன்றரை மடங்காக இருந்தால், முதல் ஒத்ததிர்வு வேகத்தில் ஒரு சுமை கடந்துபோனபின் மிச்ச அதிர்வே இருக்காது. கர்டருக்குள் நுழைகையில் கிளம்பிய அலையும் வெளியேறுகையில் கிளம்பிய அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். 18.7 மீட்டர் இடைவெளிக்கு 28 மீட்டர் கர்டர். 25 மீட்டர் ஷின்கான்சென் பெட்டிக்கு 37.5 மீட்டர். மும்பை–அகமதாபாத் பாதையில் தூக்கி வைக்கிற முழுநீள கர்டர் 40 மீட்டர், விகிதம் 1.6. அதற்காகத்தான் 40 என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வேகத்தில் அந்த கர்டருக்கு ஒத்ததிர்வு பெரிய பயம் இல்லை. பக்கத்தில் 12 மீட்டருக்கு ஒரு சின்ன வாய்க்கால் பாலம் இருந்தால், நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான்.