ஒரே எபிசோடில் வெல்ல வேண்டும்

எம்மி விருதுப் பட்டியல் வெளியானதும் பெரும்பாலானோர் சிறந்த தொடர் எது, சிறந்த நாயகி யார் என்று பார்ப்பார்கள். நான் முதலில் தேடுவது நகைச்சுவைத் தொடரின் சிறந்த விருந்தினர் நடிகை யார் என்பதை. அமெரிக்கத் தொலைக்காட்சி நடிப்பில் இதைவிடக் கடினமான தேர்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாயகிக்கு ஒரு சீசன் முழுக்க அவகாசம் உண்டு. ஓர் எபிசோடில் சறுக்கினால் அடுத்ததில் எழுந்துகொள்ளலாம். விருந்தினருக்குக் கிடைப்பது சில காட்சிகள்தான். விருதுக்கு அனுப்பப்படுவதும் ஒரே ஓர் எபிசோடு. கடைசி இரண்டு ஓவருக்கு இறங்கும் பேட்ஸ்மேனுக்கு ஆடுகளம் பழகும்வரை காத்திருக்க நேரமில்லை. அதே நிலைதான் இவருக்கும்.

வழக்கமான சிட்காமில் ஒரு வாரத்துக்குள் ஒத்திகையும் படப்பிடிப்பும் முடிந்துவிடும். நிரந்தர நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நடித்தவர்கள். யார் எப்போது மூச்சு விடுவார், எந்த இடத்தில் சிரிப்புக்காக நிறுத்துவார் என்பது அவர்களுக்கு அத்துபடி. அந்தத் தாளத்துக்குள் வெளியிலிருந்து ஒருவர் நுழைய வேண்டும். தாளத்தைக் கெடுக்கவும் கூடாது, அதற்குள் கரைந்து காணாமல் போகவும் கூடாது.

இந்தப் பிரிவு பெண்களுக்குத் தனியாக வழங்கப்படத் தொடங்கிய 1989-இல் முதலில் வென்றவர் கொலீன் டூஹர்ஸ்ட். ‘மர்ஃபி பிரவுன்’ தொடரில் நாயகியின் தாயாக வந்தார். மேடை நாடகத்தில் மலைபோல் நின்ற நடிகை அவர். யாருக்கும் அஞ்சாத செய்தியாளர் மர்ஃபி, தாய் வாசலில் வந்து நின்றதும் பதின்வயதுப் பெண்ணாகச் சுருங்கிப்போவார். விருந்தினர் வேடத்தின் உண்மையான வேலை எது என்பதை அந்த முதல் வெற்றியே சொல்லிவிட்டது. நாம் நன்றாக அறிந்ததாக நினைத்த நாயகியை, நாம் அறியாத ஒருத்தியாகக் காட்டுவதே அது. டூஹர்ஸ்ட் 1991-இல் அதே வேடத்துக்காக மீண்டும் வென்றார். விருது அறிவிக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவர் இறந்திருந்தார்.

அதன்பின் வந்த வெற்றியாளர்களை வரிசையாகப் பார்த்தால் தாய்மார்களும் பாட்டிமார்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ‘மால்கம் இன் த மிடில்’ தொடரில் பாட்டி ஐடாவாக வந்த குளோரிஸ் லீச்மன் 2002-இலும் 2006-இலும் வென்றார். அந்தப் பாட்டியிடம் பாசத்தின் சாயல்கூடக் கிடையாது. பார்வையாளர் தன்மீது இரக்கப்பட வேண்டும் என்று ஓரிடத்திலும் லீச்மன் கேட்கவில்லை. அதுதான் அவருடைய பலம். ‘தர்ட்டி ராக்’ தொடரில் அலெக் பால்ட்வினின் தாயாக வந்த எலைன் ஸ்ட்ரிட்ச் 2007-இல் வென்றார். பெரிய நிறுவனத்தையே ஆட்டிவைக்கும் மகனை ஒரே ஒரு பார்வையில் சின்னப் பையனாக்கிவிடும் தாய். பிராட்வே மேடையில் பல பத்தாண்டுகள் பழகிய குரல் அவருடையது. ஒரு வசனத்தின் கடைசிச் சொல்லை எங்கே வைத்து அழுத்தினால் எதிரில் இருப்பவர் சுருங்குவார் என்று அந்தக் குரலுக்குத் தெரியும்.

இந்த வரிசையின் உச்சம் என்று நான் கருதுவது 2024-இல் வென்ற ஜேமி லீ கர்ட்டிஸின் நடிப்பை. ‘த பேர்’ தொடரின் இரண்டாம் சீசனில் ‘ஃபிஷஸ்’ என்றொரு எபிசோடு. கதை சில ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. சிகாகோவில் பெர்சாட்டோ குடும்பத்தின் கிறிஸ்துமஸ் விருந்து. தாய் டானா சமையலறையில் ஏழு வகை மீன் உணவு சமைக்கிறார். டைமர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறுகின்றன. ஒரு கையில் மதுக்கோப்பை, மறு கையில் சிகரெட். வீடு நிறைய ஆட்கள். ஆனாலும் தனக்கு உதவ ஒருவரும் இல்லை என்று அவர் நம்புகிறார்.

கர்ட்டிஸ் அந்தக் கோபத்தை எப்படி அடுக்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் டானா சிரிக்கிறார், மகனைக் கொஞ்சுகிறார், வேலை சொல்கிறார். அந்தச் சிரிப்பிலேயே ஒரு நடுக்கம் இருக்கிறது. கண் ஒரு பக்கம் அடுப்பைப் பார்க்கிறது, மறுநொடி மகன் முகத்தில் ஏதாவது குறை தெரிகிறதா என்று தேடுகிறது. மகள் நடாலி வந்து, நன்றாக இருக்கிறீர்களா அம்மா என்று கேட்கும்போதெல்லாம் அந்த முகம் ஒரு கணம் உறைந்து, பிறகு வெடிக்கிறது. அக்கறையோடு கேட்கப்படும் கேள்வியே குற்றச்சாட்டாகக் காதில் விழும் ஒருவரின் மனநிலையை அந்த ஒரு கண உறைவில் காட்டிவிடுகிறார். கூச்சல் யாராலும் முடியும். கூச்சலுக்கு முந்தைய அந்த அரை நொடியை நடிக்கத்தான் ஆள் வேண்டும். கடைசியில் டானா காரை ஓட்டிவந்து வீட்டுச் சுவரையே இடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார். அப்போது நமக்கு அதிர்ச்சி வருகிறது, ஆனால் வியப்பு வரவில்லை. இது இப்படித்தான் முடியும் என்பதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நம் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார் அவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் திரைப்படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். எம்மி அவருக்கு இதுவே முதல்முறை. மூத்த மகன் மைக்கேலாக அதே எபிசோடில் வந்த ஜான் பெர்ந்தல், ஆண்கள் பிரிவில் அதே ஆண்டு வென்றார்.

அன்று கர்ட்டிஸுடன் போட்டியிட்டவர்களில் ஒலிவியா கோல்மனும் உண்டு. அதே தொடர், அதே சீசன். ‘ஃபோர்க்ஸ்’ எபிசோடின் இறுதியில் தலைமைச் சமையல்காரராக வருகிறார். சமையலறையில் நின்று காளான் தோலை உரித்துக்கொண்டே ரிச்சி என்ற பாத்திரத்துடன் சில நிமிடங்கள் பேசுகிறார். வாழ்க்கையில் தன் இடம் எதுவென்று தெரியாமல் அலையும் ஒருவனுக்கு அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று புரிகிறது. குரல் ஒருமுறைகூட உயரவில்லை. அந்த ஆண்டு கர்ட்டிஸுக்கு நான் எதிரியில்லை. ஆனால் இந்தக் காட்சி பரிந்துரையோடு நின்றுவிட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

‘த பேர்’ நகைச்சுவைத் தொடர்தானா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. நியாயமான கேள்வி. ‘ஃபிஷஸ்’ பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர் இருக்க மாட்டார். ஆனால் அந்தக் கேள்வியைத் தொடரின் தயாரிப்பாளர்களிடமும் விருது வழங்கும் டெலிவிஷன் அகாடமியிடமும்தான் கேட்க வேண்டும். எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதை நடிகை முடிவு செய்வதில்லை.

அகாடமி இந்த எல்லைகளோடு நெடுநாளாகவே தடுமாறுகிறது. உசோ அடூபா 2014-இல் ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ தொடருக்காக இதே விருந்தினர் விருதை வென்றார். அந்த சீசனில் அவர் வந்துபோன எபிசோடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் விருந்தினர் என்ற சொல் பொருந்தாது. மறு ஆண்டு அகாடமி விதியைத் திருத்தியது. ஒரு சீசனின் எபிசோடுகளில் பாதிக்கும் குறைவானவற்றில் வந்தவரே விருந்தினர் என்றானது. அதே 2015-இல் அந்தத் தொடர் நாடகப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அடூபா அதே வேடத்துக்காக நாடகத் துணை நடிகை விருதையும் வென்றார். ஒரே பாத்திரத்துக்கு நகைச்சுவையிலும் நாடகத்திலும் எம்மி பெற்றவர் அவருக்கு முன் எட் ஆஸ்னர் ஒருவர்தான். நடிகை மாறவில்லை, வேடம் மாறவில்லை. பெட்டி மட்டும் மாறியது.

பாதிக்கும் குறைவு என்ற அந்த விதி நல்ல விதி. ஆனால் அகாடமி இன்னும் கைவைக்காத ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நேரலை ஸ்கெட்ச் நிகழ்ச்சி.

கணக்கைப் பாருங்கள். 1989 முதல் 2008 வரை இந்தப் பிரிவில் அந்த நிகழ்ச்சிக்காக ஒருவரும் வெல்லவில்லை. 2009 முதல் 2021 வரையிலான 13 ஆண்டுகளில் 7 முறை விருது அங்கேதான் போனது. அரசியல்வாதி சாரா பேலினாக வந்த டீனா ஃபே 2009-இல் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு, 88 வயதில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெட்டி வைட். 2016-இல் டீனா ஃபேயும் ஏமி போலரும் சேர்ந்து. 2017-இல் மெலிசா மெக்கார்த்தி, 2018-இல் டிஃபனி ஹாடிஷ். 2020, 2021 இரண்டிலும் மாயா ருடால்ஃப். 2016 முதல் 2021 வரையிலான ஓட்டத்தை 2019-இல் ‘த மார்வலஸ் மிஸஸ் மைசல்’ ஜேன் லிஞ்ச் ஒருவர் மட்டும் உடைத்தார்.

இவர்களில் யாரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ருடால்ஃபின் 2020 வெற்றி, செனட்டர் கமலா ஹாரிஸாக அவர் வந்ததற்காக. கமலாவின் தாய் சியாமளா சென்னையில் பிறந்தவர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரம். அதனால் நம் ஊரில்கூட அந்தச் சாயலைத் தேடிப் பார்த்தவர்கள் உண்டு. கமலாவின் சிரிப்பையும் தோள் அசைவையும் பிடித்ததோடு ருடால்ஃப் நிற்கவில்லை. மேடையேறும் ஓர் அரசியல்வாதி, தான் ரசிக்கப்படுகிறோம் என்பதை எப்படி ரசிக்கிறார் என்பதையும் பிடித்தார். நேரலையில், ஒரே டேக்கில், உடை மாற்றக்கூட அவகாசமில்லாமல் செய்யப்படும் வேலை அது. பெரும் திறமை வேண்டும்.

ஆனாலும் அது வேறு ஆட்டம். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வருபவர் ஒரே இரவில் ஏழெட்டு வேடம் போடுகிறார். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள். முகபாவம், குரல், விக், வேகம் இவைதான் அங்கே கருவிகள். தொடரில் வரும் விருந்தினரோ ஒரே ஆளாக இருந்து, அவளுக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது என்று நம்பவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஓர் இரவில் ஏழு முகம் காட்டியவர் பக்கம்தான் தட்டு சாயும். அந்த நிகழ்ச்சி சிறந்த நிகழ்ச்சிக்கான போட்டியில் வெரைட்டி பிரிவில் நிற்கிறது. அதில் நடிப்பவர்கள் மட்டும் நகைச்சுவைத் தொடர் நடிகர்களோடு மோதுகிறார்கள். இந்த முரண்பாட்டுக்கு அகாடமியிடம் ஏற்கத்தக்க விளக்கம் எதையும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பிரிவு யாருக்காக இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் கேத்ரின் ஜூஸ்டனைக் காட்டுவேன். சிகாகோவில் மனநல மருத்துவமனைச் செவிலியாக வேலை பார்த்தவர். நடிப்புக்கு வந்ததே நாற்பதைத் தாண்டிய பிறகு, ஹாலிவுட்டுக்குப் போனது ஐம்பதைத் தாண்டிய பிறகு. ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ தொடரில் பக்கத்து வீட்டு மிஸஸ் மெக்லஸ்கியாக வந்து 2005-இலும் 2008-இலும் வென்றார். நாயகிகள் எல்லோரும் அழகிலும் ரகசியத்திலும் மூழ்கிக் கிடக்கும் தெருவில், உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே கிழவி. நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே கடைசி சீசனில் நடித்தார். 2012 மே மாதம் ஒளிபரப்பான இறுதி எபிசோடில் அந்தப் பாத்திரம் புற்றுநோயால் இறந்தது. சில வாரங்களில் அவரும் இறந்தார். நாயகி வேடம் அவரைத் தேடி ஒருநாளும் வந்திருக்காது. இந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது.

ஜீன் ஸ்மார்ட் இன்னொரு வகை. ‘ஃப்ரேசியர்’ தொடரில், நாயகன் பள்ளி நாள்களில் ஏங்கிய பெண்ணாக வந்து 2000, 2001 என்று அடுத்தடுத்து வென்றார். தேன் குரலில் காதல் பேசிக்கொண்டிருப்பவர், மூச்சு மாறாமல் திரும்பித் தன் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவார். மறுபடி அதே தேன். அந்தத் திருப்பத்தின் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, 20 ஆண்டுகள் கழித்து ‘ஹேக்ஸ்’ நாயகியாக அவர் எம்மிகளை அள்ளியதில் ஆச்சரியமே இருந்திருக்காது. நடுவில் 2008-இல் துணை நடிகை விருதும் வாங்கியிருந்தார். இந்தப் பிரிவில் இரண்டு முறை வென்றவர்கள் எட்டுப் பேர். மூன்றாவது முறை இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.

2022 முதல் காற்று திசை மாறியிருக்கிறது. அந்த ஆண்டு ‘ஹேக்ஸ்’ தொடரில் சுற்றுப்பயண மேலாளராக வந்த லாரி மெட்கால்ஃப். அடுத்து ‘போக்கர் ஃபேஸ்’ தொடரில் முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கொலைக்குத் திட்டம் போடும் ஜூடித் லைட். பிறகு கர்ட்டிஸ். 2025-இல் ‘ஹேக்ஸ்’ ஜூலியான் நிக்கல்சன். நால்வருமே ஒரு பாத்திரத்தைக் கட்டி எழுப்பியவர்கள்.

நிக்கல்சனின் வெற்றியை நான் தனியாகக் கொண்டாடுகிறேன். ‘மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்’ குறுந்தொடரில் நெஞ்சை அறுக்கும் சோகத்தை நடித்து எம்மி வாங்கியவர் அவர். அவரை டிக்டாக்கில் ஆடிப் பெயர் பெற்ற அப்பாவித் தாயாக்கி, திடீர்ப் புகழும் போதையும் சேர்ந்து தலைகீழாக்கும் வேடத்தைக் கொடுத்தார்கள். சோகத்தில் எவ்வளவு தீவிரமாக இருந்தாரோ அதே தீவிரத்தோடு அபத்தத்தையும் நடித்தார். அதனால்தான் சிரிப்பு வந்தது. அதே ஆண்டு கர்ட்டிஸும் களத்தில் இருந்தார். பிரசவ வலியில் கிடக்கும் மகள் அருகே டானா உட்கார்ந்திருக்கும் ‘ஐஸ் சிப்ஸ்’ எபிசோடு, என் மதிப்பீட்டில் ‘ஃபிஷஸ்’ஸையும் மிஞ்சியது. இருந்தும் நகைச்சுவைக்கான விருது அந்த ஆண்டு நகைச்சுவை செய்தவருக்கே போனது சரிதான்.

இந்த நல்ல போக்கு தானாக நிலைக்கும் என்று நம்பிவிட முடியாது. அடுத்த அதிபர் தேர்தல் வரும். யாரோ ஒரு பெரிய நடிகை யாரோ ஒரு வேட்பாளராக வேடமிட்டு வருவார். தட்டு மறுபடி அந்தப் பக்கம் சாயும். ‘சாட்டர்டே நைட் லைவ்’ போன்ற ஸ்கெட்ச் நிகழ்ச்சிகளின் விருந்தினர்களுக்கு அகாடமி தனி விருது ஏற்படுத்தட்டும். ருடால்ஃபும் மெக்கார்த்தியும் அங்கே தங்களுக்கு நிகரானவர்களோடு மோதட்டும். விருந்தினர் நடிகை விருதை இப்போது முதன்மை விழாவுக்கு முன்பே நடக்கும் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் விழாவில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதையும் பெரிய மேடைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே எபிசோடில் ஒரு மனுஷியை உயிரோடு நிறுத்திக் காட்டியவருக்கு நேரலையில் இரண்டு நிமிடம் பேசும் உரிமை உண்டு.