ஏப்ரலில் முடிவு, ஆகஸ்டில் விண்ணப்பம்

2025 ஏப்ரல் 12ஆம் தேதி ஆந்திர மாநில இன்டர்மீடியட் (பிளஸ் ஒன், பிளஸ் டூ) தேர்வு முடிவுகள் வெளிவந்தன. மார்ச்சில் எழுதிய தேர்வுக்கு ஏப்ரல் பாதிக்குள் விடை கிடைத்துவிட்டது. 'மன மித்ரா' என்ற அரசு வாட்ஸ்அப் சேவை வழியாக மதிப்பெண் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களில் 83 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அதே மாணவர்களில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்க விரும்பியவர்கள் விண்ணப்பம் போடுவதற்கான இணையவாசல் திறந்தது ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியில். சித்தூரிலும் திருப்பதியிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு கோடை முழுவதும், மழைக்காலத்தின் தொடக்கமும், மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருப்பதிலேயே கழிந்தன.

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு தெரிந்த பிறகே கல்லூரிக்கு விண்ணப்பிப்பது நமக்கு இயல்பான வழக்கம். வேறு விதமாகவும் இதைச் செய்யலாம் என்பதே பல பெற்றோருக்கு வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் மாணவர்கள் ஜனவரிக்குள் விண்ணப்பித்துவிடுகிறார்கள். முடிவு வருவதோ ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழகங்கள் நம்புவது, 'இந்த மாணவர் இவ்வளவு வாங்குவார்' என்று ஆசிரியர் எழுதித்தரும் கணிப்பை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு, கணித்த மதிப்பெண்ணையே சரியாக எடுத்தவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே என்று காட்டியது. பெரும்பாலோருக்குக் கணிப்பு கூடுதலாக இருந்தது. நன்றாகப் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கோ, அதே தரமுள்ள வசதியான பிள்ளைகளைவிடக் குறைத்துக் கணிப்பது அதிகமாக இருந்தது. பல்கலைக்கழகச் சேர்க்கையை ஆராய்ந்த ஷ்வார்ட்ஸ் குழு 2004இல், முடிவுக்குப் பிறகே விண்ணப்பம் என்ற முறைக்கு மாறச் சொன்னது. 2020இல் கொரோனாவால் தேர்வே நடக்காமல், கணினிச் சூத்திரம் ஒன்று ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் குறைத்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாள்களில் அரசு பின்வாங்கியது. மறு ஆண்டு, முடிவுக்குப் பிறகே விண்ணப்பம் என்ற மாற்றம் குறித்துக் கருத்துக் கேட்ட பிரிட்டிஷ் அரசு, 2022 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது.

பிரிட்டனில் இருபது ஆண்டுகளாக வாதாடியும் பெற முடியாத ஒன்று திருப்பதி மாணவருக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது. அதன் மதிப்பு சிறியதல்ல.

தமிழ்நாட்டு எல்லையோர நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், ஜூனியர் கல்லூரியில் தெலுங்கு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். அவளுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுத யாருமில்லை. தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், அதைத் திருத்திக் கொடுக்கவும் ஆளில்லை. இங்கே அவளிடம் இவை எதுவும் கேட்கப்படுவதில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் அடங்கிய எம்.பி.சி. பிரிவில் வாங்கிய மதிப்பெண்ணும் பொது நுழைவுத் தேர்வின் ரேங்கும் போதும். 1986இல் எம்செட் என்று தொடங்கி 2021இல் ஈஏபிசெட் என்று பெயர் மாறிய அந்தத் தேர்வில், ரேங்கைக் கணக்கிட நுழைவுத் தேர்வுக்கு 75 விழுக்காடு, இன்டர் மதிப்பெண்ணுக்கு 25 விழுக்காடு எடை. தனியார் பொறியியல் கல்லூரிகளில், அரசுக் கலந்தாய்வு வழியே நிரப்பும் கன்வீனர் கோட்டா இடங்கள் 70 விழுக்காடு. அவற்றில் 85 விழுக்காடு உள்ளூர்ப் பகுதி மாணவர்களுக்கு. சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் அடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக (எஸ்.வி.யு.) பகுதி, 1974இல் குடியரசுத் தலைவர் ஆணையால் வரையறுக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே தரும் திட்டமும் கன்வீனர் இடத்தைச் சார்ந்துதான் இருக்கிறது.

இவை எல்லாமே, எண்கள் கையில் இருக்கும்போதுதான் பயன் தருகின்றன. போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த ரேங்கோடு முடிந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, நெட் சென்டரில் உட்கார்ந்து வெப் ஆப்ஷன் கொடுக்கும் தகப்பனாருக்கு அது தெளிவான கணக்கு. இந்த ரேங்குக்கு எஸ்.வி.யு. பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைக்கலாம், ஈசிஇ கிடைக்காது என்று அவரால் சொல்ல முடியும். ஊகத்தின் மேல் விண்ணப்பக் கட்டணம் கட்டி, எட்டுக் கல்லூரிகளின் படிவங்களை நிரப்பி, பிறகு மதிப்பெண் குறைந்து எல்லாம் வீணாவதிலிருந்து இந்த முறை ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. இதை விட்டுவிட்டு வேறு எதற்கும் போகக் கூடாது என்பதில் ஐயமில்லை.

கோளாறு நாள்காட்டியில் இருக்கிறது. 2025இல் ஈஏபிசெட் மே 19 முதல் 27 வரை நடந்தது. ஜூன் 8இல் முடிவு வந்தது. கவுன்சிலிங் தொடங்கியது ஜூலையில். அதே திருப்பதி மாவட்டத்தில், ஏர்ப்பேட்டில் இருக்கிற ஐஐடியின் கதை வேறு. ஜேஇஇ அட்வான்ஸ்டு முடிவு ஜூன் 2இல் வந்தது. மறுநாளே நாடு தழுவிய கலந்தாய்வுக்குப் பதிவு திறந்தது. நாட்டின் ஐஐடிக்கள், என்ஐடிக்கள் அத்தனையையும் சேர்த்துக் கலந்தாய்வு நடத்துபவர்களுக்கு ஒரே நாள் போதுமென்றால், ஒரு மாநிலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எதற்கு? கட்டண நிர்ணயம், கல்லூரிகளின் அங்கீகாரப் புதுப்பிப்பு, அரசாணை என்று காரணங்கள் சொல்லப்படும். அவை அனைத்தும் ஆண்டுதோறும் வருபவை, ஆண்டுதோறும் தெரிந்தவை.

எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். நகரியிலிருந்து திருத்தணிக்கு பஸ்ஸில் சற்று நேரப் பயணம்தான். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007லேயே போய்விட்டது; பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம். 2025 மே 8இல் முடிவு வந்தது. பொறியியலுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையப் பதிவு அதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது. மதிப்பெண் வந்ததும் விண்ணப்பத்தோடு சேர்ந்துகொள்ளும். மாணவர் பெயர், சாதிச் சான்று, முகவரி போன்றவற்றை நிரப்ப மதிப்பெண் தேவையில்லை அல்லவா? ஆந்திராவைவிட ஏறத்தாழ நான்கு வாரம் தாமதமாக முடிவு பெற்ற திருத்தணி மாணவர், அங்குள்ள சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நாள்களில், நகரி மாணவருக்கு விண்ணப்பம் போடக்கூட வழி பிறக்கவில்லை.

ஆந்திராவில் பட்டப்படிப்புகளுக்கான ஒற்றை இணையவாசல் 2020இல்தான் வந்தது. ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கிப் படிவம் வாங்கும் அலைச்சலை அது போக்கியது உண்மை. சித்தூர் பிவிகேஎன் அரசுக் கல்லூரியும் திருப்பதிக் கல்லூரிகளும் ஒரே திரையில் வந்தன. ஆனால் ஒற்றை வாசல் மூடிக் கிடந்தால் எல்லாக் கல்லூரிகளும் மூடிக் கிடப்பதாகவே பொருள். முன்பு ஒரு கல்லூரி முதல்வர் தம் பொறுப்பில் மே மாதமே படிவம் கொடுக்க முடிந்தது. இப்போது மாநில உயர்கல்வி மன்றத்தின் அறிவிப்புக்காக அவரும் காத்திருக்கிறார்.

இந்த நான்கு மாதத்தில் என்ன நடக்கிறது? சித்தூர்ப் பக்கம் அது தோத்தாபுரி மாங்காய்ப் பருவம். மண்டிகளுக்கும் கூழ்த் தொழிற்சாலைகளுக்கும் ஆள் வேண்டும். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இருக்கிறது. சும்மா இருக்கிற பதினெட்டு வயதுப் பையன் வேலைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் மூன்று மாதம் சம்பளம் வாங்கிக் கொடுத்த பையனை, 'இனி மூன்று வருடம் பி.எஸ்சி. படி' என்று அனுப்புவது அந்த வீட்டுக்கு எளிதல்ல. பெண்பிள்ளைகள் நிலை இன்னும் கவலை தருவது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திராவில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். இன்டர் முடித்த பெண் படிப்பும் இல்லாமல், இடமும் உறுதியாகாமல் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும், வரன் பேச வருபவர்களுக்கு வசதியான மாதம். 'ஜூனில் கல்லூரி திறக்கிறது, பணம் கட்டிவிட்டோம்' என்ற ஒரு வரி அவளுக்குப் பெரிய காப்பு. 1983இல் பெண்களுக்கென்றே பத்மாவதி மகிளா பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய ஊர் திருப்பதி. அந்த ஊருக்கே இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

பணமுள்ளவர்கள் காத்திருப்பதில்லை. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்குள்ள விஐடி தன் நுழைவுத் தேர்வை 2025 ஏப்ரலில் நடத்தி, மே முதல் வாரத்தில் முடிவு சொல்லிவிட்டது. அதாவது, ஆந்திரப் பொது நுழைவுத் தேர்வு தொடங்குவதற்கு முன்பே அங்கே இடம் உறுதியாகிறது, முன்பணமும் கட்டியாகிறது. ஆந்திராவுக்குள் இருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் தங்கள் சொந்த அட்டவணையில்தான் ஓடுகின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; சீக்கிரம் பதில் சொல்கிற நிறுவனத்தைத்தான் பெற்றோர் நாடுவார்கள். ஆனால் விளைவு இதுதான்: முடிவுக்குப் பிறகு விண்ணப்பம் என்ற நல்ல விதி, காசில்லாதவர்களை மட்டும் கட்டிப்போடுகிறது. கையில் பணமிருந்தால் மே மாதமே நிம்மதி. இல்லையென்றால் கன்வீனர் கவுன்சிலிங் வரை பதைப்பு. ரேங்க் எடுத்த பிறகும், 'இடம் கிடைக்காமல் போய்விட்டால்?' என்ற பயத்தில் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடும் பெற்றோரை இந்தத் தாமதமே உருவாக்குகிறது. அந்த இடத்துக்கு அரசின் கட்டணத் திட்டமும் கிடைக்காது.

எல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உறவு வேலூரிலும் காட்பாடியிலும் இருப்பதால், பிளஸ் டூவை அங்கே படிக்க அனுப்புவது புதிதல்ல. ஆந்திராவில் உள்ளூர் மாணவர் என்ற தகுதிக்கு, தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகளை அந்தப் பகுதியிலேயே தொடர்ந்து படித்திருப்பது முதன்மையான அளவுகோல். அதைக் கேட்டறியாமல் பிள்ளையை அனுப்பிய வீட்டுக்கு, மதிப்பெண் வந்து, ரேங்க் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பின்போதுதான் உண்மை தெரிகிறது. அதற்குள் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கும் காலமும் முடிந்திருக்கும். விண்ணப்பம் முன்கூட்டியே திறந்திருந்தால் இந்தச் சிக்கல் மே மாதமே தெரிந்திருக்கும்.

இந்த முறைக்கே உரிய ஆழமான குறை ஒன்றும் இருக்கிறது. அது தாமதத்தால் வருவதல்ல. மதிப்பெண் தெரிந்த பிறகு தேர்ந்தெடுக்கும்போது, பெரும்பாலும் மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை, ரேங்க் தேர்ந்தெடுக்கிறது. 'இவ்வளவு நல்ல ரேங்கை வைத்துக்கொண்டு சிவில் எடுப்பாயா, வீணாக்காதே' என்று சொல்லாத உறவினர் இல்லை. நல்ல ரேங்க் என்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ். அது கிடைக்காதவர்களுக்கு மற்றவை. வரலாறு படிக்க ஆசைப்பட்டவருக்கு உயர்ந்த மதிப்பெண்ணே தடையாகிவிடுகிறது. இங்கிலாந்து மாணவர் முடிவு தெரியாமல் விண்ணப்பிப்பதால், எந்தப் பாடம், ஏன் என்று ஓராண்டுக்கு முன்பே யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. அவர்களுடைய கணிப்பு முறை அநியாயமானது. ஆனால் அந்த யோசனைக் காலம் நமக்கும் வேண்டியது. இன்டர் இரண்டாம் ஆண்டிலேயே, டிசம்பர் வாக்கில், மாணவர்கள் தங்கள் விருப்பப் பாடங்களை மட்டும் பதிவுசெய்து வைக்கும் ஏற்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. யாரையும் கட்டுப்படுத்தாத அந்தப் பதிவு, ரேங்க் வந்த பதற்றத்தில் 'நாம் என்ன நினைத்தோம்' என்று திரும்பிப் பார்க்கவாவது உதவும்.

எல்லாச் சுமையையும் ஒரே மதிப்பெண் பட்டியலின் மேல் வைத்தால், பட்டியல் தவறும்போது என்ன ஆகும் என்பதற்கு 2019 தெலங்கானா பாடமாக நிற்கிறது. இன்டர் முடிவுகளில் நேர்ந்த குளறுபடியில், தெலுங்குப் பாடத்தில் சைபர் என்று வந்த ஒரு மாணவியின் உண்மையான மதிப்பெண் 99 என்று பிறகு தெரிந்தது. அந்த நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆகவே முடிவு வெளியாவதில் காட்டும் வேகத்துக்குச் சற்றும் குறையாத அக்கறை மறுகூட்டலுக்கும் மறுபரிசீலனைக்கும் வேண்டும்.

தாமதத்துக்கு ஆதரவாக நேர்மையான வாதம் ஒன்றே ஒன்று உண்டு. ஏப்ரலில் தவறியவர்களுக்கு மே மாதமே சப்ளிமெண்டரி தேர்வு நடக்கிறது. 2025இல் அதன் முடிவு ஜூன் முதல் வாரத்தில் வந்தது. சேர்க்கையை முன்கூட்டியே முடித்துவிட்டால் அவர்களுக்கு ஓர் ஆண்டு போய்விடும். தவறிய 17 விழுக்காட்டினரில் பலர் வீட்டின் முதல் தலைமுறைப் படிப்பாளிகளாக இருக்கக்கூடும் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஜூன் முதல் வாரத்துக்காகக் காத்திருப்பது வேறு. ஆகஸ்ட் கடைசி வரை இழுப்பது வேறு. பட்டப்படிப்புச் சேர்க்கை இப்போதும் பல சுற்றுகளாகத்தான் நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் முதல் சுற்றைத் திறந்து, சப்ளிமெண்டரி முடிவு வந்த மறுநாள் இரண்டாம் சுற்றைத் தொடங்கி, அதற்கென ஒவ்வொரு பிரிவிலும் சில இடங்களை ஒதுக்கி வைத்தால், ஜூலை முதல் நாள் இரு தரப்பு மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்காரலாம்.