அட்டையின் நெடுவரிசையும் மின்பாதையின் பெயரும்

மின்வலையமைப்பு ஒன்றில் புதிய ஆலையோ சூரிய மின்நிலையமோ இணைந்தால் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் பாயும், எந்தத் துணை மின்நிலையத்தில் மின்னழுத்தம் சரியும், ஒரு தொடர் அறுந்தால் சுமை எந்த வழியே திரும்பும் என்பவற்றை முன்கூட்டியே கணித்துப் பார்க்கச் சிமுலேஷன் எனப்படும் பாவனை மென்பொருள்கள் பயன்படுகின்றன. இம்மென்பொருள்களின் கணித முறைகளைப் பாடநூல்கள் விரிவாக விளக்குகின்றன. ஆனால் அக்கணக்கிற்குள் செல்லும் எண்கள் கோப்பில் எந்த வரிசையில், எந்தப் பெயரில், எந்த அலகில் எழுதப்பட வேண்டும் என்ற கேள்வி, அதாவது தரவு வடிவம் பற்றிய கேள்வி, பெரும்பாலும் எழுத்தர் வேலையாகவே ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. கோப்பில் இடமில்லாத ஒரு செய்தி கணக்கிலும் இடம்பெறாது, கணக்கில் இடம்பெறாதது திட்டத்திலும் இடம்பெறாது என்பதால், இந்த ஒதுக்கல் விசைத்தறிகள் நிறைந்த இளம்பிள்ளை போன்ற ஊர்களின் மின்விநியோகம் வரை விளைவுகளை உண்டாக்குகிறது.

இவ்வடிவங்களின் தொடக்கம் துளையிட்ட அட்டையில் இருக்கிறது. 1973-இல் அமெரிக்க மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் ஆய்விதழில் வெளியான பொதுத் தரவு வடிவத்தில், பஸ் எனப்படும் ஒவ்வொரு மின்கணுவுக்கும் ஒரு வரி உண்டு. அவ்வரியில் முதல் 4 நெடுவரிசைகள் கணுவின் எண்ணுக்கும், 6 முதல் 17 வரையிலானவை பெயருக்கும், 25, 26 ஆகியவை கணுவின் வகைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பகுதி முடிந்ததைக் காட்ட −999 என்ற எண் எழுதப்படுகிறது. ஓர் எண் எதைக் குறிக்கிறது என்பதை அதன் இடமே சொல்கிறது. வேறு அடையாளம் எதுவும் அதற்கு இல்லை. ஜக்கார்டு பொருத்திய தறியைக் கண்டவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அட்டையில் துளை இருக்கும் இடத்தைப் பொறுத்தே எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்பது முடிவாகிறது. துளை ஓரிடம் தள்ளி விழுந்தால் அட்டை கிழியாது, தறி நிற்காது, சேலையின் பூ மட்டும் பிசகிப் போகும். நெசவின் அட்டையிலிருந்து ஹோலரித்தின் மக்கள்தொகைக் கணக்கு அட்டைக்கும், அதிலிருந்து 1928-இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய 80 நெடுவரிசை அட்டைக்கும், பின்னர் மின்பொறியாளரின் கோப்புக்கும் வந்த மரபு இது. மரபோடு அதன் குறையும் வந்தது.

எனினும் இவ்வடிவத்தின் பலத்தை முதலில் மனமார ஒப்புக்கொள்வதே நேர்மை. ஒரே பக்கத்தில் அச்சிட்டு மேசைமேல் பரப்பி, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொறியாளரால் அதை வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க முடியும். 1962 பிப்ரவரியில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இருந்த மின்வலையின் ஒரு பகுதியைக் காட்டும் 14 கணுச் சோதனை வலை, இவ்வடிவில் எழுதப்பட்டதனால்தான் நிறுவனங்களும் மொழிகளும் கணினிகளும் மாறிய பிறகும் உலகெங்கும் மாணவர்கள் கையில் அதே எண்களோடு விளங்குகிறது. ஒருவர் கண்டுபிடித்த தீர்வு முறையை மற்றொருவர் அதே தரவில் சோதித்து ஒப்பிட முடிவது ஆய்வுக்கு எத்தனை பெரிய கொடை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே சோதனை வலையின் பரவலான கோப்பில் கணுக்களின் அடிப்படை மின்னழுத்தம் சுழியமாகவே எழுதப்பட்டுள்ளது. கம்பிகளின் தாங்கும் வரம்பும் அதில் இல்லை. கட்டத்தை நிரப்பினால் போதும் என்ற வடிவம், நிரப்பிய எண் பொருளுடையதா என்று கேட்பதில்லை.

பெயர் என்னும் சிறிய செய்தியில் இக்குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இளம்பிள்ளையை ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிலர் ‘ஐ’ எழுத்தில் தொடங்குகின்றனர், சிலர் ‘இ’ எழுத்தில் தொடங்குகின்றனர். எடப்பாடிக்கும் இதே இரட்டை வழக்கு உண்டு. தாரமங்கலத்தின் முதலெழுத்தை ‘எச்’ சேர்த்து எழுதினால் 13 எழுத்து, சேர்க்காவிட்டால் 12 எழுத்து. பெயருக்கு 12 இடமே தரும் வடிவத்தில் முதல் வழக்கின் கடைசி எழுத்து வெட்டப்படும், இரண்டாம் வழக்கில் மின்னழுத்தத்தைக் குறிக்கும் எண்ணைப் பக்கத்தில் சேர்க்க இடமிருக்காது. தமிழ் எழுத்திலேயே எழுதலாமே என்றால், இன்று வழங்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு பிடிப்பதால், 12 பைட்டுப் புலத்தில் இளம்பிள்ளை என்ற பெயரில் ‘இளம்’ மட்டுமே எஞ்சும். இரண்டு அலுவலகங்கள் இரண்டு எழுத்துக்கூட்டலில் தயாரித்த கோப்புகளைப் பெயரை வைத்து இணைத்தால் ஒரே துணை மின்நிலையம் இரண்டாகி நிற்கும். எண்ணை வைத்து இணைக்கலாம் என்றால், கணு எண்ணும் நிலையானதன்று. வலையமைப்பு விரிவடையும்போது எண்வரிசையை மறுபடி அமைப்பது வழக்கமாகவே உள்ளது.

அலகு பற்றிய குழப்பம் இதைவிட ஆபத்தானது. மின்பாய்வுக் கணக்கில் மின்னெதிர்ப்பு, அதாவது பொறியாளர்கள் இம்பிடன்ஸ் என்று சொல்வது, ஓம் அளவில் எழுதப்படாமல், ஒரு பொது அடிப்படைக்கு விகிதமாக எழுதப்படுகிறது; இந்தியாவிலும் பிற நாடுகளிலும் அவ்வடிப்படை பெரும்பாலும் 100 மெகாவோல்ட்-ஆம்பியர். 160 மெகாவோல்ட்-ஆம்பியர் திறனுள்ள ஒரு மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் 12.5 சதவீதம் என்று பொறித்திருந்தால், அது அம்மின்மாற்றியின் சொந்தத் திறனை அடிப்படையாகக் கொண்ட எண்; பொது அடிப்படைக்கு மாற்றினால் அது ஏறத்தாழ 0.078 ஆகும். பி.எஸ்.எஸ்./இ என்னும் பரவலான வணிக மென்பொருளின் கோப்பில் இவ்விரண்டில் எது எழுதப்பட்டுள்ளது என்பதை அருகிலுள்ள ஒற்றை இலக்கக் குறியீடு ஒன்றே தீர்மானிக்கிறது. அக்குறியீட்டைக் கவனிக்காமல் 0.125 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் மாற்றுநிரல், அம்மின்மாற்றி வழியே குறுக்குச்சுற்றின்போது பாயக்கூடிய மின்னோட்டத்தை அடிப்படையின் 12.8 மடங்குக்குப் பதிலாக 8 மடங்கு என்று காட்டும். அதை நம்பி வாங்கிய பிரேக்கர், அதாவது குறுக்குச்சுற்றின்போது மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி, தன் கடமையைச் செய்ய முடியாது. தெருமுனையில் இரட்டைக் கம்பத்தின்மேல் நிற்கும் 100 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றிக்கு 4.5 சதவீதம் என்றால், பொது அடிப்படையில் அது 45 என்று மாறிவிடும். இந்த 45 சரியா தவறா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, 4.5 சதவீதம் என்று எழுதியிருந்தால் பெயர்ப்பலகையைப் பார்த்த கம்பியாளர்கூடச் சொல்லிவிடுவார். மனிதர் அளந்த வடிவிலேயே எண்ணைக் காத்து, மாற்றும் வேலையை மென்பொருளிடம் விடுவதே வடிவமைப்பில் முறையான பங்கீடு.

இடத்தையே பொருளாகக் கொண்ட வடிவம் வளரும்போது தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. பி.எஸ்.எஸ்./இ மென்பொருளின் 34-ஆம் பதிப்பில் மின்தொடர்களின் தாங்குதிறன் வரம்புகள் 3-லிருந்து 12 ஆயின. இடையில் புதிய புலங்கள் நுழைந்ததால் பழைய வரிசையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் ஒன்றை மற்றொன்றாகப் படிக்கும் நிலை ஏற்பட்டது. 35-ஆம் பதிப்பு புலங்களின் பெயர்களையும் சேர்த்தெழுதும் ஜேசன் வடிவத்தைத் துணைக்கு அழைத்தது, இக்குறை உணரப்பட்டதையே காட்டுகிறது. 1973-ஆம் ஆண்டு வடிவத்திலோ நேர்மின்னோட்டத் தொடருக்கு இடமே இல்லை. ராய்கரிலிருந்து 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும் ±800 கிலோவோல்ட் தொடர் வந்துசேரும் புகளூர் நிலையத்தை அதில் எழுத முயல்பவர் அதை ஒரு பொய்யான மின்நிலையமாகத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் எழுந்தது பொதுத் தகவல் மாதிரி. அமெரிக்காவின் எப்ரி ஆய்வு நிறுவனத்தில் 1990-களில் உருவாகி, பின்னர் ஐ.இ.சி. 61970, 61968 தரங்களாக வளர்ந்த இம்மாதிரியில் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று மாறாத அடையாளம் ஒன்றைப் பெறுகிறது. பெயர் அதன் பண்புகளில் ஒன்று மட்டுமே. பிரேக்கர், ஐசோலேட்டர், பஸ்பார் ஆகிய துணை மின்நிலைய உறுப்புகள் களத்தில் இருப்பதுபோலவே எழுதப்பட்டு, எவை திறந்துள்ளன, எவை மூடியுள்ளன என்பதிலிருந்து கணக்கிற்கான கணுக்களை மென்பொருள் தானே வருவித்துக்கொள்கிறது. பழைய வடிவங்களில் பிரேக்கரைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வழியில்லை, ஏனெனில் அங்கே பிரேக்கர் என்ற சொல்லே இல்லை. ஐரோப்பிய மின்தொடர் இயக்குநர்கள் நாடுகளுக்கிடையே தரவு பரிமாற இதையே தழுவிக்கொண்டனர். ஆயினும் இதன் சுமை சிறிதன்று. ஒரு மின்தொடரை விவரிக்க எக்ஸ்எம்எல் வரிகள் பல தேவைப்படுகின்றன. அடையாளங்கள் 36 எழுத்து நீளமுள்ள, மனிதர் படிக்க இயலாத சரங்கள். ஒரு தரத்திற்கே பல பதிப்புகளும், நாட்டுக்கு நாடு தெரிந்தெடுத்த உட்பிரிவுகளும் உள்ளன. மேசைமேல் பரப்பிப் படிக்கும் வாய்ப்பு போய்விட்டது. பிழை கண்டுபிடிக்கும் திறன் பொறியாளரின் கண்ணிலிருந்து சரிபார்ப்பு மென்பொருளுக்கு இடம்மாறும்போது, அம்மென்பொருள் இல்லாத சிறிய அலுவலகம் கைகட்டி நிற்க நேர்கிறது.

மின்விநியோகத்தின் அடிமட்டத்தில், அதாவது இளம்பிள்ளையின் தறிக்கூடங்களுக்கு மின்சாரம் வந்துசேரும் தாழ்வழுத்தக் கம்பிகளில், பழைய வழி இன்னும் கூடுதலாகச் சிரமப்படுகிறது. பழைய வடிவங்கள் ஃபேஸ் எனப்படும் மூன்று மின்கட்டங்களும் சமமாகச் சுமக்கின்றன என்று கொண்டு ஒரே கட்டத்தை மட்டும் எழுதுகின்றன. ஒரு தெருவில் வீடுகள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் இணைந்திருக்க, அதே மின்மாற்றியிலிருந்து தறிகளின் மோட்டார்களும் ஓடும் நிலையை அவற்றில் சொல்ல வழியில்லை. எப்ரி 2008-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஓப்பன்டிஎஸ்எஸ் இக்குறையைத் தீர்க்கிறது: எந்தக் கம்பி எந்தக் கட்டத்தில் இணைகிறது என்பதைப் பெயருடன் எழுதலாம், புலங்களை எந்த வரிசையிலும் தரலாம். ஆனால் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் அது ஒரு முன்னிருப்பு மதிப்பை எடுத்துக்கொள்கிறது. அதிர்வெண்ணுக்கான முன்னிருப்பு அமெரிக்க வழக்கப்படி 60 ஹெர்ட்ஸ். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸை எழுத மறந்தவர், கம்பிகளின் இடைவெளியிலிருந்து ரியாக்டன்ஸ் எனப்படும் மின்மறுப்பைக் கணக்கிடச் செய்தால், ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலான விடையைப் பெறுவார். பிழைச்செய்தி எதுவும் வராது. தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் தராத வடிவம், தெரியாமையை எண்ணாக்கி மறைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 1,000 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுவதால், எந்த இணைப்பு விசைத்தறிக்குரியது, அது எவ்வளவு பயன்படுத்தியது என்ற செய்தி கட்டணப் பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ளது. மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்ற நான்கு கூறுகள் கொண்ட மின் இணைப்பு எண்ணே அங்கு திறவுகோல். அந்த எண்ணை எந்த மின்மாற்றி, எந்தக் கட்டம் என்பவற்றோடு கோக்கும் ஒரு புலம் வலையமைப்புக் கோப்பில் இருந்தால், மோட்டார்ச் சுமையை ஊகிக்காமல் பதிவேட்டிலிருந்தே எடுக்கலாம். மின்னழுத்தம் தாழும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துத் தாழ்வை ஆழமாக்குவதால், பகலும் இரவும் தறி ஓடும் ஊரில் சுமையின் வகை அறியாத கணக்கு பாதிக் கணக்கே. எனினும் இணைப்பு எண்ணையே நிலையான அடையாளமாகக் கொள்வதும் தவறாகும். இடத்தைப் பொருளாகச் சுமக்கும் எண், பிரிவு அலுவலகம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது மாற வேண்டியதாகிறது. நெடுவரிசையில் கண்ட அதே குறை இங்கே வேறு உருவில் திரும்புகிறது.

சூரிய, காற்றாலை நிறுவனங்கள் வலையமைப்பில் இணைப்புக் கோரும்போது தம் மாதிரிகளைக் குறிப்பிட்ட சில வணிக மென்பொருள்களின் வடிவிலேயே தர வேண்டியிருக்கும் வழக்கத்தையும் இங்கு எடைபோட வேண்டும். எல்லாரும் ஒரே கருவியில் சோதிப்பதால் ஒப்பீடு எளிதாகிறது என்பது உண்மை. ஆனால் பொதுப் பணத்தில் எழுந்த வலையமைப்பின் விவரத்தைப் படிக்க, அதற்கான உரிமத்தை விலைகொடுத்து வாங்கும் நிலை, சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவரைத் தம் ஊர் மின்பாதையிலிருந்து விலக்கி, 1962-ஆம் ஆண்டு அமெரிக்க வலையிடமே திருப்பி அனுப்புகிறது. இளம்பிள்ளை மின்பாதைக்கு ஒரு கோப்பு எழுதப்படுமானால், அதில் மாறாத அடையாளமும், தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுப்பெயரும், எண்ணுக்குப் பக்கத்தில் அலகும், அளந்த நாளும், அளக்கப்படாதது என்று எழுத ஓரிடமும் வேண்டும். அதை எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து படிக்க இயல வேண்டும். கம்பத்தடியில் நிற்பவர் பெயர்ப்பலகையில் காணும் 4.5 அதில் 4.5 என்றே இருக்க வேண்டும்.